வெயிலில் வைத்த தண்ணீர்

வீட்டிலுள்ள அத்தனை வாளியையும் கவிழ்த்து வைத்த பிறகுதான் படுக்கப் போகும் என் அம்மாவுக்கு,

ஆதிரா இப்போதுதான் தூங்கினாள். அவளுடைய ஒரு கை என் நைட்டியின் ஓரத்தைப் பிடித்திருக்கிறது. அதை விடுவிக்க மனமில்லாமல் அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக வந்தால் பொறுத்துக்கொள்.

உனக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. கல்லூரி விடுதியில் இருந்த மூன்று வருடமும் போனில்தான் பேசினோம். நீ கேட்பது இரண்டே கேள்வி. சாப்பிட்டாயா? வாளியைக் கவிழ்த்தாயா? "ஹாஸ்டல் வாளிக்கும் உன் சட்டந்தானா?" என்று ஒருநாள் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டாய். ஏன் என்று நான் யோசிக்கவே இல்லையே அம்மா, ஒரு நிமிடம்கூட.

பொழுது சாயும்போது நீ கொல்லைக்குப் போவாய். மிச்சத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, மக்கை முதலில் தரையில் குப்புற வைப்பாய். அதன்மேல் வாளியைக் கவிழ்ப்பாய். கோழி குஞ்சை அணைத்து மூடுவது மாதிரி இருக்கும். ஊரில் வேறு யார் வீட்டிலும் நான் இப்படிப் பார்த்ததில்லை. கொசுப்புழு பார்க்க வரும் சுகாதாரப் பணியாளர்கூட, "ஊருக்குள்ள உங்க வீட்லதேன்மா எனக்கு வேலையே இல்ல" என்று சொல்லிவிட்டு வாசலிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். நாங்களும் உன் கணக்கு கொசுவுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டோம்.

போன ஆடியில் நீ போனாய். அதன்பிறகு வாளிகளைக் கவிழ்க்க ஆள் இல்லை. நான் கவிழ்க்கவில்லை. உன் நினைவு வரும் என்று அந்த வேலையைத் தொடாமல் இருந்தேன் என்பதுதான் நிஜம்.

இப்போது சித்திரை. ஆதிராவுக்கு இரண்டரை வயது ஆகிறது. உத்தமபாளையத்தில் மழலையர் பள்ளி ஒன்றில் சேர்த்திருக்கிறோம். கோடை விடுமுறைக்கு வாட்ஸப்பில் ஒரு பட்டியல் அனுப்பினார்கள். வீட்டிலேயே நீர் விளையாட்டு, நாளுக்கு ஒன்று. கிண்ணத்திலிருந்து கிண்ணத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது, பஞ்சை நனைத்துப் பிழிவது, பெயிண்ட் பிரஷ்ஷைத் தண்ணீரில் தோய்த்துச் சுவரில் படம் வரைவது, பூவை உறைய வைத்த பனிக்கட்டியை விரலால் கரைப்பது, எது மிதக்கும் எது மூழ்கும் என்று போட்டுப் பார்ப்பது. விளையாடுவதைப் படம் எடுத்து குழுவில் போட வேண்டும்.

என்னைப் பற்றி உனக்குத் தெரியும். பட்டியலைப் பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். நீலப் பேசின் ஒன்று வாங்கினேன். பஞ்சு விஷமில்லாததா, பிரஷ்ஷின் முடி வாயில் போகுமா, காதில் தண்ணீர் ஏறுமா, எல்லாவற்றையும் போனில் தேடிப் படித்தேன். காலைக் குழாய்த் தண்ணீர் சில்லென்று வருகிறது. பிள்ளைக்குச் சளி பிடித்துவிடும். அதனால் எட்டு மணிக்கே பேசினில் பிடித்து, வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் சிமெண்டுத் தரையில் வெயிலில் வைத்துவிடுவேன். பதினொரு மணிக்கு வெதுவெதுப்பாக இருக்கும். நான் பயந்ததெல்லாம் சளிக்கு, அம்மா.

முதல் நாள் நல்லபடியாகப் போனது. உன் சின்னச் செம்பை எடுத்துக் கொடுத்தேன். வீரபாண்டி மாரியம்மன் கோயிலில் நட்ட கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போகும்போது பெரிய குடத்தோடு நீ கொண்டுபோவாயே, உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தச் செம்பு. சிறுவயதில் அது யாருக்கு என்று கேட்டேன். "அது ஆத்தாளுக்கு" என்றாய். அப்போ குடம் யாருக்கு என்றேன். "அதுவும் ஆத்தாளுக்குத்தேன். பேசாம நட" என்றாய்.

ஆதிரா அந்தச் செம்பில் தண்ணீர் எடுத்து, பேசினுக்கு எதிர்ப்பக்கம் கொண்டுபோய் யாருமில்லாத இடத்தில் வைத்தாள். கிண்ணம் தனக்கு என்றாள்.

"செம்பு யாருக்குடா?"

"பாப்பாவுக்கு."

"எந்தப் பாப்பா?"

வேப்பமர நிழலைக் காட்டினாள். நிழலில் பூ உதிர்ந்துகொண்டிருந்தது. வேறு ஒன்றும் இல்லை. இந்த வயதுப் பிள்ளைகள் இப்படித்தான் விளையாடும் என்று எங்கேயோ படித்திருந்தேன். அதை எனக்குள் இரண்டு முறை சொல்லிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் பதினொரு மணிக்குக் கொல்லைக்குப் போனால் பேசின் கவிழ்ந்து கிடந்தது. தரையில் ஈரத் தடமே இல்லை. வெயில் குடித்திருக்கும் என்று நினைத்தேன். பேசினைத் தூக்கினேன். அதற்கு அடியில் மக் குப்புற இருந்தது.

அந்த உச்சி வெயிலில் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தேன். தெருவில் ஒரு சத்தமும் இல்லை. திராட்சைத் தோட்டத்து மோட்டார்கூட நின்றிருந்தது. உன் மருமகன் உத்தமபாளையத்தில் சொட்டுநீர்க் குழாய்க் கடையில் இருந்தார். வெளிக்கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது. ஆதிரா கூடத்தில் கலர் பென்சிலோடு இருந்தாள்.

மூன்றாம் நாளும் அப்படித்தான். நான்காம் நாளும். சாயங்காலம் உன் மருமகனிடம் சொன்னேன்.

"காத்து தள்ளியிருக்கும்" என்றார்.

"ஆனியில அடிக்க வேண்டிய காத்து சித்திரையிலயே வந்திருச்சாக்கும்?"

"அப்ப நாயி."

"நாயி மக்கைக் குப்புற வெச்சு, அதுமேல பேசினைக் கவுத்திட்டுப் போகுமாங்க?"

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு மெதுவாக, "நீயே கவுத்திட்டு மறந்திருப்ப கோமதி. உங்கம்மா பழக்கம் கையில ஒட்டியிருக்கும்ல" என்றார். நான் என் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டேன். நாயை விடவும் காற்றை விடவும் அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

அன்று உன் படத்துக்கு முன்னால் நின்று வாய்விட்டே சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? அம்மா, போதும். பிள்ளை விளையாடட்டும். உன் சட்டத்தை என்னோடு முடித்துக்கொள். கோபமாகத்தான் சொன்னேன். உனக்குக் கேட்டதா?

மறுநாள் காலையில் பரண் மேலிருந்து உன் அண்டாவை இறக்கச் சொன்னேன். தேவதானப்பட்டி வீட்டைக் காலி செய்து எங்களோடு வந்தபோது கட்டிலையே விட்டுவிட்டு வந்தவள் நீ. அந்தப் பித்தளை அண்டாவை மட்டும் விடவில்லை. வந்ததும் பரணில் கவிழ்த்து வைத்தாய். ஒரு விசேஷத்துக்குக்கூட எடுக்க விட்டதில்லை. இறக்கும்போது உன் மருமகனுக்கு மூச்சு வாங்கியது. "தோட்டத்துக்குச் சொட்டுச் சொட்டா விக்கிறவன் நானு. எம்மகளுக்கு அண்டா நெறையத் தண்ணி கேக்குது" என்று சிரித்துக்கொண்டே கடைக்குக் கிளம்பினார். இதை எந்தக் காற்றும் கவிழ்க்காது என்று நான் நினைத்தேன். காற்று என்று மட்டும் நினைக்கவில்லை, அம்மா. உன்னையும் சேர்த்துத்தான் நினைத்தேன்.

அரை அண்டா தண்ணீர். வெயிலில் வைத்தேன். பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தேன். கவிழவில்லை. அசையவே இல்லை. மேலே வேப்பம்பூ மிதந்தது. ஜெயித்துவிட்டது போல இருந்தது எனக்கு.

அன்றைய விளையாட்டு மிதக்குமா, மூழ்குமா. கரண்டி, பாட்டில் மூடி, எலுமிச்சம்பழம் எடுக்கச் சமையலறைக்குப் போனேன். ஆதிரா கூடத்தில் இருந்தாள். கொல்லைக் கதவைத் தாழ் போட்டேன் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். எலுமிச்சம்பழத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன், வாயில் வைப்பாளே என்று.

அப்போது குளியலறையில் அந்தச் சத்தம். காலி வாளியைச் சிமெண்டில் ஓங்கிக் கவிழ்க்கிற சத்தம். நீ அப்பாவோடு சண்டை போட்ட நாட்களில் வாளி கவிழ்ப்பாயே, அதே சத்தம். ஒருமுறை. உடனே இன்னொரு முறை. மூன்றாவது சத்தம் கேட்கும்போது நான் ஓடிக்கொண்டிருந்தேன். குளியலறைக்கு ஓடவில்லை. என் கால்கள் ஏன் கொல்லைக்குப் போயின?

அண்டாவின் விளிம்புக்கு மேல் இரண்டு கால்கள் தெரிந்தன. மஞ்சள் பாவாடை. மற்றதெல்லாம் உள்ளே. ஒரு சத்தமும் இல்லை, அம்மா. தண்ணீர்கூடச் சிதறவில்லை. முடியில் வேப்பம்பூ ஒட்டிக்கொண்டிருந்தது.

தூக்கினேன். கவிழ்த்துப் பிடித்து முதுகில் தட்டினேன். இருமினாள். தண்ணீர் வந்தது. பிறகு அழுதாள். அந்த அழுகையை நான் சாகிறவரைக்கும் கேட்டுக்கொண்டே இருக்கலாம். எதிர்வீட்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஒரு நாள் வைத்துப் பார்த்தார்கள். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்றார் டாக்டர். "எவ்வளவு நேரம் விட்டீங்க?" என்று கேட்டார். எலுமிச்சம்பழம் கழுவுகிற நேரம் என்றேன். அவர் அதை அப்படியே சீட்டில் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் குளியலறையைத் திறந்து பார்த்தேன். மூன்று வாளியும் கவிழ்ந்திருந்தன. முந்தின நாள் காலையில் நான் குளித்துவிட்டு நிமிர்த்தி வைத்திருந்த வாளிகள்.

செய்தி கேட்டு மறுநாளே தேவதானப்பட்டியிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை, உன் வாயால் 'ராணி' என்று மட்டுமே கூப்பிடுவாயே, அதே அத்தை. பன்னும் பிஸ்கட்டும் வைத்த பையோடு பேத்தியைக் கொஞ்சிக்கொண்டே கொல்லைப்பக்கம் வந்தவள், நான் தொடத் துணியாமல் தண்ணீரோடு அப்படியே விட்டிருந்த அண்டாவைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இத எதுக்கு எறக்குன?"

"பேசின் கவுந்துக்கிட்டே இருந்துச்சு அத்தே. இது கனமா இருக்கேன்னு..."

"தண்ணிய வெயில்ல வெச்சியா?"

"ஆமா. புள்ளைக்குச் சளி பிடிக்குமேன்னு."

அத்தை படியிலேயே உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நானும் இதமான தண்ணி ஊத்தணும்னுதேன் வெச்சேன்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவளே சொல்லட்டும் என்று நின்றேன்.

"உனக்கு முந்தி ஒருத்தி இருந்தா தாயி. ஈஸ்வரி. ரெண்டரை வயசு. அம்மை போட்டு எறங்கி, மூணாந் தண்ணி ஊத்துற நாளு. வேப்பெலையும் மஞ்சளும் போட்டு, இந்த அண்டாவுலதேன் தண்ணிய வெயில்ல வெச்சேன். எங்க மதினி, உங்கம்மா, கடைக்குப் போயிருந்தாக. அப்ப எனக்குப் பதினேழு வயசு. புள்ளையப் பாத்துக்கிறேன்னு சொன்னது நாந்தேன். உள்ள போயி அரிசி களைஞ்சுட்டு வந்தேன். அவ்வளவுதேன். அந்த இலை மெதந்துச்சுல்ல, அத எடுக்கப் போயிருக்கா."

"அப்பா ஒன்னும் கேக்கலையா?"

"கேட்டாக. 'புள்ளைய யாரு பாத்துக்கிட்டிருந்தது'ன்னு எங்கண்ணன் கத்துனாக. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள மதினி சொல்லிட்டாக. 'ஆத்தா வந்தா, கூட்டிக்கிட்டுப் போயிட்டா. இங்கன யாரையும் எதுவும் கேக்காதீக'ன்னு. மாரியாத்தா கூட்டிக்கிட்டுப் போன புள்ளைக்கு அழுகக் கூடாதுன்னு ஊரு சொல்லிருச்சு. மதினி அழுகல. சாகுற வரைக்கும் அழுகல. மறு வருசம் எனக்குக் கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு. எப்புடி நடந்துச்சுன்னு எனக்குத்தேன் தெரியும்."

அந்த அண்டாவை நீ ஏன் விற்காமல் வைத்திருந்தாய் என்று அத்தையிடம் கேட்டேன். "வித்துருங்க மதினின்னு நான் எத்தனையோ தடவை சொன்னேன். 'வித்தா வேறொரு வீட்டுக்குப் போவும். அங்கனயும் புள்ளை இருக்கும்ல'ன்னாக."

அம்மா, நான் உன்மேல் கோபமாக இருக்கிறேன். இதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. ஒரு சொல்லில் நீ ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் காப்பாற்றினாய். அதற்காக உன் காலில் விழலாம். ஆனால் அந்தச் சொல்லோடு உண்மையும் சேர்ந்து புதைந்துபோனது. எல்லாவற்றையும் ஆத்தாள் செய்தாள் என்றால், அந்தத் தண்ணீர் என்ன செய்தது என்று எனக்கு யார் சொல்வது? ஒரே ஒரு முறை, ஆதிரா பிறந்த அன்றாவது, என் காதில் சொல்லியிருக்கக் கூடாதா?

சொல்லத்தான் முயன்றாயோ? தினமும் சாயங்காலம், வாயால் சொல்ல முடியாததை வாளியில் சொன்னாயோ? செத்த பிறகும் பேசினில் சொன்னாயோ? நான்தான் படத்துக்கு முன்னால் நின்று போதும் என்றேன்.

அத்தையும் நானும் அண்டாவின் இரண்டு காதையும் பிடித்துச் சாய்த்துத் தண்ணீரை வேப்பமரத்து வேரில் கொட்டினோம். கொட்டி முடிந்ததும் அத்தை மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முப்பது வருடத்துக்கு மேல் அடக்கிய அழுகை. நானும் அழுதேன். நீ அழாததையும் சேர்த்துத்தான் அழுதோம் என்று நினைக்கிறேன்.

ஆதிரா எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "பாப்பா தண்ணிக்குள்ள போச்சு" என்றாள். நான் மண்டியிட்டு, அது உன் முகம்தான்டா, தண்ணீரில் தெரியும் என்றேன். தலையை ஆட்டினாள். "இல்ல. பாப்பாவுக்குப் பூ வேணும்."

ஈஸ்வரி கூப்பிட்டாளா அம்மா? இல்லை, விளையாட ஆள் கிடைத்த சந்தோஷத்தில் வந்து நின்றாளா? இரண்டரை வயதுக்குக் கூப்பிடுவதும் விளையாடுவதும் வேறு வேறா? நீ பேசினைக் கவிழ்த்ததுகூட யாருக்காக? என் மகளை அவளிடமிருந்து காப்பாற்றவா, உன் மகளை மறுபடியும் தண்ணீரிலிருந்து காப்பாற்றவா? எனக்குத் தெரியவில்லை. உனக்கும் தெரியாமல் இருக்கலாம்.

பத்து நாள் கொல்லைக் கதவையே திறக்கவில்லை. பட்டியலைக் கிழித்துப் போட்டேன். பிறகு ஒரு காலையில் ஆதிரா குளிக்க வைத்த தண்ணீரைக் கண்டதும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு நடுங்கினாள். என் பயம் அவளுக்குள் போய்விட்டதை அப்போதுதான் பார்த்தேன். முல்லையாறும் வாய்க்காலும் ஓடுகிற இந்தப் பள்ளத்தாக்கில் தண்ணீரைக் கண்டு நடுங்கிக்கொண்டு ஒரு பிள்ளை எப்படி வளரும்?

நேற்று மறுபடியும் பேசினை எடுத்தேன். வெயிலில் வைக்கவில்லை. பிள்ளையை முதலில் உட்கார வைத்தேன். பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். போனை உள்ளே வைத்துவிட்டு வந்தேன். அதன்பிறகுதான் நான்கு விரல் அளவு தண்ணீர் ஊற்றினேன். முதலில் விரல் நுனியை மட்டும் நனைத்தாள். பிறகு பஞ்சைப் பிழிந்தாள். பிறகு சிரித்தாள். சின்னச் செம்பில் தண்ணீர் எடுத்து எதிர்ப்பக்கம் வைத்தாள். நான் யாருக்கு என்று கேட்கவில்லை. ஒரு வேப்பம்பூவை எடுத்து அதில் போட்டேன்.

முடிந்ததும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினோம். நான் பேசினைத் தூக்கியபோது, "இரும்மா" என்று சொல்லிவிட்டு ஆதிரா மக்கை எடுத்துக் குப்புற வைத்தாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அதன்மேல் நாங்கள் இருவரும் சேர்ந்து பேசினைக் கவிழ்த்தோம்.

இப்போது உனக்கு என் வாக்கு. இந்த வீட்டில் இனி ஆள் இல்லாத தண்ணீர் இருக்காது. பார்த்துக்கொண்டிருந்தேன் என்று பிறகு சொல்லாமல், பார்த்துக்கொண்டே இருப்பேன். ஆதிராவுக்கு விவரம் தெரிகிற வயதில் அவளுடைய பெரியம்மாவைப் பற்றிச் சொல்வேன். இலை எடுக்கப் போனாள் என்றே சொல்வேன். வருகிற வெள்ளிக்கிழமை அத்தையும் நானும் வீரபாண்டிக்குப் போகிறோம். கம்பத்துக்குக் குடத்துத் தண்ணீரை ஆத்தாளுக்கு என்று ஊற்றுவேன். செம்புத் தண்ணீரை ஈஸ்வரிக்கு என்று, பேரைச் சொல்லியே ஊற்றுவேன். பக்கத்தில் யார் இருந்தாலும்.

அண்டாவை விற்கவில்லை. பரணில் கவிழ்த்தே வைத்திருக்கிறேன்.

இன்றைக்கும் எல்லாவற்றையும் நானே கவிழ்த்தேன். நீ வர வேண்டியதில்லை. காலையில் பேசின் கவிழ்ந்தபடியே இருந்தால், நீ தூங்கிவிட்டாய் என்று எடுத்துக்கொள்வேன். நிமிர்ந்து கிடந்தால் அது அக்கா. நான் பயப்பட மாட்டேன் அம்மா. நான்கு விரல் தண்ணீர் ஊற்றி, இரண்டு பிள்ளைகளுக்கும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன்.

இத்தனை நாளும் ஒரே மகள் என்று எழுதி வந்த,
உன் இரண்டாவது மகள்,
கோமதி